உடற்கூறும் உடலியங்கியலும்: எது திரையில், எது வகுப்பில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்து, பிள்ளைகள் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படிப்பு என்று சேரும் நாட்களில் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அனாடமி, பிசியாலஜி எல்லாம் இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறதாமே மேடம், பிள்ளை தினமும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா?" நியாயமான கேள்விதான். நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறு என்னும் அனாடமி, உடலியங்கியல் என்னும் பிசியாலஜி, இந்த இரண்டு பாடங்களையும் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது அதே பாடங்களை ஆன்லைனிலும் நடத்தினேன். இரண்டையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிவுரையைத் தாராளமாகத் திரைக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அதனால் மிச்சமாகும் நேரம் முழுவதையும் செய்முறைக்குத் தர வேண்டும். இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. விரிவுரைக்கு மணிக்கணக்கில் நேரம் போகிறது, பிராக்டிகல் அவசர அவசரமாக முடிகிறது.

திரையின் பலத்தை முதலில் பார்ப்போம். கருவில் குடல் வளரும் விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் குடல் வேகமாக நீள்கிறது. வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் பிதுங்கிக்கொண்டு போகிறது. பத்தாவது வாரம் வாக்கில் உள்ளே திரும்பி வருகிறது. இதற்கிடையில் ஒரு ரத்தக்குழாயை அச்சாகக் கொண்டு இடஞ்சுழியாக 270 டிகிரி சுற்றிவிடுகிறது. குடல்வால் வலது பக்கம் கீழே வந்து சேர்வதற்கு இந்தச் சுற்றுதான் காரணம். கலர் சாக்பீஸ் கொண்டு கரும்பலகையில் இதை எத்தனை முறை வரைந்தாலும், நின்றுபோன படங்கள்தான் கிடைக்கும். நடுவில் நடந்த சுழற்சியை மாணவி மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அனிமேஷனில் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

இதயமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடிதான். அந்த நேரத்துக்குள் மேலறைகள் சுருங்கி, கீழறைகள் சுருங்கி, நான்கு வால்வுகளும் முறைவைத்துத் திறந்து மூடி, அழுத்தம் ஏறி இறங்கி, ஈசிஜி கோடு வளைந்து, இரண்டு ஒலிகளும் எழுந்து அடங்கிவிடுகின்றன. இவற்றை ஒரே திரையில், மெதுவாக ஓட விட்டுப் பார்ப்பதற்கு இணையான வழி வகுப்பறையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இது. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்கு முதல் வருட அனாடமி வகுப்பு மலைப்பாக இருக்கும். கழுத்துத் தசை ஒன்றின் பெயர் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த தசைக்குப் போயிருப்பார். ஐம்பது பேர் நடுவில் எழுந்து "இன்னொரு தடவை சொல்லுங்க மேம்" என்று கேட்கவும் கூச்சம். அதே பெண் ஹாஸ்டலில் ராத்திரி வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள், நோட்டின் ஓரத்தில் தமிழில் பொருள் எழுதிக்கொள்கிறாள், பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள். மறுநாள் வரும்போது அவள் முகமே வேறாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு விரிவுரையையும் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்பேன்.

சரி, இவ்வளவு நன்மை இருக்கும்போது வகுப்பு எதற்கு? நேரில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் பாடம் ஏறிவிடாது என்பது பழைய கதை. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு வரைக்கும் உடற்கூறு வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து, கேலன் என்ற பழைய மருத்துவரின் நூலைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். மாணவர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கேலன் அறுத்துப் பார்த்ததோ குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதி வைத்ததை ஆயிரத்துச் சொச்சம் வருடம் எல்லோரும் நம்பினார்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் வெசாலியஸ் என்ற பேராசிரியர் இருக்கையை விட்டு இறங்கி, தன் கையாலேயே அறுத்துக் காட்டினார். கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று 1543-இல் வெளிவந்த அவருடைய நூல் காட்டியது.

இன்று 250 பேர் அமரும் விரிவுரைக் கூடத்தில் கடைசி வரிசையில் இருக்கும் மாணவரும் அந்தக் காலத்தில் தள்ளி நின்றவரைப் போலத்தான். அவருக்குத் தெரிவது தொலைவில் ஒரு ப்ரொஜெக்டர் திரை. அதை வீட்டிலிருந்தே இன்னும் தெளிவாகப் பார்த்துவிடலாம். வகுப்பு என்று நான் சொல்வது மேசையைச் சுற்றி நின்று கையை வைத்துப் படிக்கும் இடத்தை.

நர்சிங் மாணவிகள் தாங்களே உடலை அறுப்பதில்லை. பக்கத்து மருத்துவக் கல்லூரியின் டிசெக்ஷன் ஹாலுக்கு அழைத்துப்போய், ஏற்கெனவே அறுத்துப் பிரித்து வைத்த உடலைக் காட்டுவோம். உடல் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் வாடையில் முதல் பத்து நிமிடம் கண் எரியும். அது பழகியதும் பெரும்பாலும் வரும் கேள்வி, "மேம், இதில் நரம்பு எது, ரத்தக்குழாய் எது?" என்பதுதான். பாடநூலில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் இருக்கும் உடலில் எல்லாமே மங்கிய பழுப்பு. கண்ணை நம்பி அங்கே பயனில்லை. "விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாரும்மா" என்பேன். தமனியின் சுவர் தடிமன். அழுத்தினால் குழாய் என்று தெரியும். சிரை தட்டையாகப் படிந்து கிடக்கும். நரம்பு உள்ளே வெற்றிடம் இல்லாத கயிறு, நசுங்காது. உருட்டிய விரலுக்கு வித்தியாசம் தெரிந்ததும் "ஆமா மேம்!" என்று ஒரு குரல் எழும்பும். அந்த அறிவை வீடியோவில் பார்த்துப் பெற முடியாது.

இடுப்பில் போடும் ஊசியைச் சொல்கிறேன். நர்சிங் படிப்பில் உடற்கூறு தெரியாமல் போனால் நோயாளி நடக்க முடியாமல் போகக்கூடிய இடம் இது. பிட்டத்தை நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கம் உள்ள நான்கில் ஒரு பங்கில் ஊசி போட வேண்டும் என்று எல்லா வீடியோவும் சரியாகவே சொல்கிறது. உடம்பிலேயே பருமனான சயாட்டிக் நரம்பு, விரல் தண்டிக்கு, கீழே உள்புறமாக ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு வரும் மாணவி எங்கே தடுமாறுகிறாள்? நான்காகப் பிரிப்பதில்தான். சதைப்பிடிப்பான உருண்டையை மட்டும் பிட்டம் என்று எடுத்துக்கொண்டு அதை நான்காக்குவாள். ஆனால் இந்தப் பகுதியின் மேல் எல்லை இடுப்பெலும்பின் விளிம்பு. நாம் இடுப்பில் கை வைத்து நிற்கிறோமே, அந்த உயரம். விளிம்பைத் தடவிப் பார்க்காமல் பிரித்தால், மேல் வெளிப்பக்கம் என்று அவள் நினைக்கும் இடம் நரம்பை நோக்கி இறங்கிவிடும். மெலிந்த பாட்டிக்கும் பருத்த நடுவயதுக்காரருக்கும் அந்த விளிம்பு கையில் தட்டுப்படும் விதமே வேறு. ஆன்லைனில் முதல் செமஸ்டர் படித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். எலும்பின் பெயரைக் கடகடவென்று சொன்னார்கள், பக்கத்தில் நிற்பவளின் உடலில் தொட்டுக் காட்டச் சொன்னால் கை தயங்கியது.

திரையில் உள்ள உடல் எப்போதும் ஒரே உடல். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் ஒரு முழு ஆண் உடலின் டிஜிட்டல் படத் தொகுப்பை வெளியிட்டது. டெக்சாஸில் 1993-இல் மரண தண்டனை பெற்ற ஒருவர், அறிவியலுக்கென்று ஒப்புக்கொடுத்த உடல் அது. அதை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிச் சீவி, 1,800-க்கு மேற்பட்ட குறுக்குவெட்டுப் படங்கள் எடுத்தார்கள். உலகெங்கும் உடற்கூறு மென்பொருள்கள் பல அந்த உடலிலிருந்து பிறந்தவை. அந்த மனிதருக்குக் குடல்வால் இல்லை. உயிரோடு இருந்தபோதே அதை எடுத்திருந்தார்கள். 'மனித உடல்' என்று உலகத்துக்குக் கொடுத்ததும் ஒரு தனி மனிதரின் உடல்தான்.

உடலுக்கு உடல் மாறும் என்பதை நீங்கள் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கம்பி மாதிரி ஒரு தசைநாண் புடைத்துக்கொண்டு வருகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையுடையது. சிலருக்கு வராது, ஏனென்றால் அந்தத் தசையே அவர்களுக்குக் கிடையாது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். 100-க்கு 15 பேர் அளவில் இல்லாதவர்கள் என்று பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும். மக்களினத்துக்கு மக்களினம் இது மாறும். இல்லாவிட்டால் கைக்கு ஒரு குறையும் இல்லை, பயப்பட வேண்டாம். வகுப்பில் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லும்போது, "எனக்கு இல்லையே மேம்" என்று ஒருத்தியாவது சொல்வாள். உடலுக்கு உடல் வித்தியாசம் உண்டு என்பதை அந்த வகுப்பு முழுக்க அன்று கற்றுக்கொள்கிறது.

உடலியங்கியலிலும் இதே நிலைதான், ஆனால் அங்கே முக்கியம் ஆசிரியரின் திருத்தும் கண். ஒலியைக் கேட்டு ரத்த அழுத்தம் பார்க்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொல்லிக் கொடுத்தார். மேல்கையில் பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி எப்போது தொடங்குகிறது, எப்போது மறைகிறது என்று கேட்க வேண்டும். வீடியோவில் அந்த ஒலி மணி அடித்த மாதிரி தெளிவாகக் கேட்கும். வகுப்பில் மின்விசிறி ஓடும், பக்கத்தில் பேச்சு இருக்கும், தோழியின் கை ஆடும். முதல் நாள் பாதிப் பேர் 120/80 என்றே எழுதுவார்கள், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது!

நான் சுற்றி வரும்போது ஒருத்தி ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பிப் போட்டிருப்பாள். காதில் வைக்கும் முனைகள் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இன்னொருத்தி பட்டையைத் தளர்வாகக் கட்டியிருப்பாள். மூன்றாமவள் நாடியைத் தொட்டுப் பார்க்காமலே காற்றை ஏற்றியிருப்பாள். இது பெரிய தவறு. ரத்தக்கொதிப்பு உள்ள சிலருக்கு ஒலி நடுவில் மறைந்து மறுபடி வரும். நாடி நிற்கும் அளவை விரலால் முதலில் பார்க்காவிட்டால் மேல் அழுத்தத்தைக் குறைத்து எழுதிவிட நேரும். ஆன்லைன் வகுப்பில் எனக்குத் தெரிந்ததோ கேமரா அணைத்த கறுப்புக் கட்டங்கள். யார் எப்படிக் கட்டுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் நர்சிங் சேர நினைப்பவர்கள் பலர் இந்தப் பாடங்களை ஆன்லைனில் எடுக்கிறார்கள். ஆட்டு இதயம் போன்றவை அடங்கிய ஆய்வகப் பெட்டி வீட்டுக்கே தபாலில் வருகிறது. அங்கும் ஆய்வகப் பகுதியை நேரில் செய்திருந்தால்தான் ஏற்போம் என்று சொல்லும் நர்சிங் கல்லூரிகள் உண்டு. உறவினர் பிள்ளைகள் அங்கே சேர்வதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதை விசாரிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் சேர்பவர்கள் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் போர்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். எலும்பு செட் ஒன்றுக்கு எத்தனை பிள்ளைகள், டிசெக்ஷன் ஹாலுக்கு அழைத்துப் போகிறார்களா, பிராக்டிகலில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், இவற்றைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு: வீடியோ பார்க்கும்போது ஒரு கை உங்கள் உடம்பில் இருக்கட்டும். காரை எலும்பு வந்தால் கழுத்தடியில் அதன் இரு முனைகளையும் தடவிக் கண்டுபிடியுங்கள். நாடி பாடம் வந்தால் மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, பாதத்தின் மேற்புறம் என்று தேடுங்கள். பாதத்தில் சிலருக்குத் தட்டுப்படாது, அப்போது அம்மாவின் பாதத்தில், தம்பியின் பாதத்தில் பாருங்கள். கழுத்து நாடியைப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது, மயக்கம் வரலாம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.