கம்பெனிக்கு இரண்டு ஓட்டு, மாணவருக்கு ஒன்றுகூட இல்லை

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்ன் மாநகராட்சித் தேர்தலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுகிறேன். நடுநகரம், கார்ல்டன், டாக்லாண்ட்ஸ், கென்சிங்டன் என்று சில பகுதிகள்தான் இந்த மாநகராட்சிக்குள் வரும். டாண்டினோங் போன்ற புறநகரில் இருக்கிறவர்களுக்கு வேறு கவுன்சில்.

2001 முதல் இங்கே லார்ட் மேயரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படி முதலில் வென்றவர் ஹாங்காங்கில் பிறந்த ஜான் சோ. 2024 அக்டோபரில் நிக்கலஸ் ரீஸ் வென்றார். மேயரும் துணை மேயரும் ஜோடியாகத்தான் போட்டியிட வேண்டும். ஓட்டுச்சீட்டு தபாலில் வரும். விருப்பப்படி 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்பிவிடலாம்.

இதெல்லாம் சரி. என்னை உறுத்துவது வாக்காளர் பட்டியல். நகருக்குள் இடம் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, இரண்டு பேரை வாக்காளர்களாக நியமிக்கலாம். அந்த இருவரும் நகரில் ஓர் இரவுகூடத் தங்கியிருக்க வேண்டியதில்லை. கார்ல்டனில் வாடகை அறையில் இருந்து படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கோ ஓட்டே இல்லை. நூலகமும் பூங்காவும் குப்பை வண்டியும் அவருக்குத்தானே அன்றாடம் தேவை? அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வியாபாரிகளும் வரி கட்டுகிறார்களே என்பார்கள். உண்மைதான். அதற்காகக் குடியிருப்பவருக்கு ஒன்று, கம்பெனிக்கு இரண்டு என்பது எந்த ஊர் நியாயம்? சிட்னியிலும் 2014இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2004 முதல் மேயராக இருக்கும் க்ளோவர் மூர் அதைக் கடுமையாக எதிர்த்தார். 2016 தேர்தலில் அந்தச் சட்டத்தின் கீழேயே நின்று வென்றும் காட்டினார். 2023இல் இரட்டை ஓட்டை எடுத்துவிட்டார்கள். சிட்னியில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் பங்கும் இருக்கிறது. குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் சொந்த வீட்டில் இருந்து கவுன்சிலுக்கு ரேட்ஸ் (சொத்து வரி) கட்டுகிறீர்கள் என்றால், விண்ணப்பித்து உள்ளாட்சிப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நம் விக்டோரியா மாநிலம் முழுவதும் இந்த உரிமை உண்டு. கொழும்பில் பிறந்த சமந்தா ரத்னம் மோர்லாண்ட் கவுன்சிலின் மேயராக இருந்தவர். நமக்கு எட்டாத இடம் இல்லை இது.

அடுத்த தேர்தல் 2028 அக்டோபரில். சட்டத்தை மாற்றுவது மாநிலப் பாராளுமன்றத்தின் கையில். உங்கள் தொகுதி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, இந்த இரட்டை ஓட்டை நீக்குவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.