குளிர்காலச் சம்பளத்தைக் கோடையிலேயே எடுத்து வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வெட்டவெளியில் உழைப்பவர்கள். கூரை வேலை, கொத்து வேலை, வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிப்பது, தோட்டப் பராமரிப்பு என்று சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். குளிர்காலம் வந்தால் வேலை குறையும் என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த மாதங்களுக்கான பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

வேலை ஏன் குறைகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சிமென்ட் இறுகுவது மிகவும் மந்தமாகிவிடும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். இறுகுவதற்கு முன்பே அப்படி உறைந்துபோன கான்கிரீட்டுக்குப் பிறகு முழு வலு வருவதே இல்லை. தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட் பலவற்றை 10 டிகிரிக்குக் கீழே அடிக்க வேண்டாம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். ஏறக்குறைய 5 டிகிரியில் புல் வளர்வதும் நின்றுவிடும். பகலும் சுருங்கிவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 50 டிகிரி தள்ளியிருக்கும் ஊர்களில் கோடையின் உச்சத்தில் பகல் 16 மணி நேரம். குளிர்காலத்தின் நடுவில் 8 மணி நேரம்தான்.

இவை வருஷா வருஷம் தவறாமல் நடப்பவை. ஆகவே இந்தச் சேமிப்பை ‘திடீர்ச் செலவுக்கு’ என்று வைக்கும் பணத்தோடு சேர்க்காதீர்கள். கை ஒடிந்தால், வண்டி இடித்தால் எடுப்பதற்கு வேறு பணம் இருக்க வேண்டும். குளிர்காலம் நாள் குறித்துக்கொண்டு வருகிறது. அதற்கு வேண்டியது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் சம்பளம்.

ஒரு கணக்குப் போடுவோம். சரக்கு, எரிபொருள், காப்பீடு, வரி எல்லாம் போக நல்ல மாதம் ஒன்றில் 100 பங்கு மிஞ்சுகிறது, மந்தமான மாதத்தில் 20 பங்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதம் எட்டு, மந்தமான மாதம் நான்கு. வருஷத்துக்கு மொத்தம் 880. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 73 சொச்சம். அதாவது, கையில் 100 வந்த மாதத்தில்கூட உங்கள் உண்மையான வருமானம் 73தான். மீதி 27 ஏற்கெனவே குளிர்காலத்துக்குச் சொந்தமாகிவிட்ட பணம். அதைத் தொட்டால் அந்த மாதங்களில் கைமாற்று வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

நான் 73ஐக்கூட எடுக்கச் சொல்ல மாட்டேன். 65 எடுங்கள். வருஷக் கடைசியில் 100 பங்கு, அதாவது ஒரு நல்ல மாத வருமானம், மிச்சமாக நிற்கும். அது எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கடந்த இரண்டு மூன்று வருஷ வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள். அதிலேயே மோசமான வருஷம் எதுவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நடைமுறையில் இது ரொம்பச் சின்ன வேலை. மூன்று வங்கிக் கணக்குகள் வேண்டும். வாடிக்கையாளர் தரும் பணம் எல்லாம் தொழில் கணக்குக்கு வரட்டும். பணம் வந்து விழுந்த அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல், வரிக்கு உரியதையும் குளிர்காலத்துக்கு உரியதையும் பிரித்து இரண்டாவது கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். மாதத்தில் ஒரே நாளில், ஒரே தொகை, சம்பளமாக வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். கோடையிலும் அதே தொகை, பனி கொட்டும்போதும் அதே தொகை. வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தத் தொகை தெரிந்திருக்க வேண்டும். கோடையில் நீங்கள் இருட்டும்வரை உழைப்பதைப் பார்க்கிறார்கள், பணம் கொட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது நியாயம்தான். பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு விஷயம். வேலை நிற்கும் நாளும் பணம் நிற்கும் நாளும் ஒன்றாக வருவதில்லை. பில் கொடுத்து முப்பது நாள், அறுபது நாள் கழித்துத்தான் பல இடங்களில் பணம் வரும். அதனால் குளிர்காலத்தின் முதல் மாதத்தில், கையில் வேலை இல்லாத நேரத்தில், கணக்கில் பணம் நிறைந்து கிடக்கும். இலையுதிர்காலத்தில் முடித்த வேலைகளின் பாக்கி எல்லாம் அப்போதுதான் வந்து சேரும். வருஷத்திலேயே அதிக இருப்பு தெரியும் நேரம் அதுதான். வண்டியை மாற்றலாம், புது மிஷின் வாங்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் தலைதூக்கும். தயவுசெய்து அந்த ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள்.

இதே தாமதம் மறுமுனையில் இன்னும் கடுமையாகக் கடிக்கும். வசந்தம் வந்து வேலை தொடங்கிவிட்டது, தினமும் போகிறீர்கள். ஆனால் சரக்கு வாங்க வேண்டும், கூட வருபவருக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும், வண்டிக்கு எரிபொருள் போட வேண்டும். முதல் பில்லுக்குப் பணம் வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். நன்றாகத் தொழில் தெரிந்தவர்கள் வட்டிக்கு வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குளிர்காலம் முழுக்கச் சமாளித்தவர், வேலை கிடைத்த பிறகு கடனாளி ஆகிறார். நான் மிச்சம் வைக்கச் சொன்ன அந்த 100 பங்கு இதற்குத்தான். வேலை தொடங்கிய நாளோடு குளிர்காலம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். முதல் பில்லின் பணம் கைக்கு வந்த நாளில்தான் அது முடிகிறது.

சரி, குளிர்காலம் வாசலில் நிற்கிறது, கையில் ஒன்றும் இல்லை என்பவர்கள் என்ன செய்வது? முதலில் பாக்கியை வசூல் செய்யுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவைத்த பணம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள், பலருக்கு அதுவே ஒரு மாதச் செலவுக்குத் தேறும். அடுத்து, கடன் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் அபராத வட்டியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். உள்வேலை, பழுதுபார்ப்பு, மிஷின் சர்வீஸ் என்று கூரைக்கடியில் செய்யக்கூடிய வேலை ஏதாவது உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கூலி குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வசந்தகால வேலைக்கு இப்போதே முன்பணம் வாங்கிச் செலவழிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது ஆபத்து. அந்தப் பணத்தில் பெரும்பங்கு சரக்குக்கு உரியது. அதைச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் எடுத்துவிட்டால், வசந்தத்தில் அடுத்தவரின் முன்பணத்தை எடுத்து இவர் வேலைக்குச் சரக்கு வாங்க வேண்டும், அவர் வேலைக்கு இன்னொருவர் பணம். நாள் பதிவு செய்வதற்கு வேண்டுமானால் ஒரு சிறு தொகை வாங்குங்கள். அதையும் அந்த வேலைக்கு சரக்கு வாங்கும் நாள்வரை இரண்டாவது கணக்கிலேயே வைத்திருங்கள்.