ஆள் வருவார், கட்சி வருமா?

வணக்கம் நேயர்களே. அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தவறாமல் கிளம்பும் ஒரு யோசனையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதிபர் வேட்பாளர் ஒரு கட்சிக்காரர், துணை அதிபருக்கு நிற்பவர் எதிர்க்கட்சிக்காரர், இருவரும் ஒரே அணியாக வந்தால், இந்தப் பக்கமும் வேண்டாம் அந்தப் பக்கமும் வேண்டாம் என்று சலித்துப்போன நடுநிலை வாக்காளர்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்பது அந்த யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு ஆசைப்படுகிறவர்கள் நல்ல மனதோடுதான் ஆசைப்படுகிறார்கள், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டு அப்படி விழாது என்பது இந்தத் தேர்தல்களை நெடுநாளாகக் கவனித்து வருகிற என்னுடைய உறுதியான எண்ணம்.

கூட்டணி நமக்குப் புதிதில்லை. இங்கே ஒரு கட்சி கூட்டணிக்கு வந்தால் அதன் கொடி வரும், கிளைச் செயலாளர் வருவார், பூத்தில் உட்கார ஆள் வரும், அந்தக் கட்சிக்கென்று வழக்கமாக விழுகிற ஓட்டும் ஓரளவு வரும். பதிலுக்கு இத்தனை தொகுதி என்று எண்ணிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் பேசப்படும் இந்தக் கலப்பு அணியில் அப்படி எதுவும் கிடையாது. எதிர்க்கட்சியிலிருந்து ஒரே ஒரு மனிதர் இந்தப் பக்கம் வருகிறார். அவருடைய கட்சி அங்கேயே இருக்கிறது, தனக்கென்று வேறு இருவரை நிறுத்தியும் இருக்கிறது. ஆள் வருகிறார், கட்சி வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

இந்த யோசனையை ஆதரிக்கிறவர்கள் முதலில் சொல்வது ஆபிரகாம் லிங்கனின் பெயரை. 1864ஆம் வருடம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. லிங்கன் குடியரசுக் கட்சி. அவருடைய துணை அதிபராக இருந்த ஹானிபல் ஹாம்லினை விட்டுவிட்டு, ஜூன் மாதம் பால்டிமோரில் கூடிய மாநாடு ஆண்ட்ரூ ஜான்சனை அந்த இடத்துக்கு நிறுத்தியது. ஜான்சன் டென்னசிக்காரர், ஜனநாயகக் கட்சி. தென் மாநிலங்கள் பிரிந்துபோனபோது, பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் அவர் ஒருவர்தான் செனட்டை விட்டுப் போகாமல் ஒன்றியத்தோடு நின்றவர். இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து நிற்க வசதியாக, அந்தத் தேர்தலுக்குத் தேசிய ஒன்றியக் கட்சி என்று பெயரையே மாற்றி வைத்துக்கொண்டார்கள். நவம்பரில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள் (ஒவ்வொரு மாநிலமும் அதிபரைத் தேர்ந்தெடுக்க அனுப்புகிறவர்களின் வாக்குகள்), எதிர்த்து நின்ற மெக்கிளெல்லனுக்கு 21. பாருங்கள், கலப்பு அணி ஜெயித்ததே என்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் ஆகஸ்ட் என்று ஒரு மாதம் இருக்கிறது. ஆகஸ்ட் 23ஆம் தேதி லிங்கன் ஒரு காகிதத்தில், இந்த அரசு மறுபடி தேர்ந்தெடுக்கப்படாது என்றே தோன்றுகிறது, அப்படியானால் அடுத்து வருகிறவர் பதவியேற்பதற்குள் அவரோடு சேர்ந்து ஒன்றியத்தைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை என்ற பொருளில் எழுதுகிறார். அதை மடித்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாமல், அமைச்சர்கள் எல்லோரிடமும் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறார். அவர்களும் போடுகிறார்கள்! அமெரிக்க வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த காகிதம் அது. தோற்கப்போகிறோம் என்று நினைக்கிற ஒரு தலைவர், தோற்ற பிறகும் நாட்டுக்காக என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து, அதற்குத் தன் அமைச்சர்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தி வைக்கிறார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? ஆகஸ்டில் ஜான்சன் ஏற்கெனவே அணியில் இருக்கிறார். கலப்பு அணி அமைந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதும் தோற்போம் என்றே லிங்கன் கணக்குப் போடுகிறார். செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்றியத் தளபதி ஷெர்மனின் படை தெற்கின் அட்லாண்டா நகரத்தைப் பிடித்தது, அதற்குப் பிறகுதான் காற்று மாறியது. லிங்கனை ஜெயிக்க வைத்தது போர்க்களம். ஜான்சனுக்காக வந்து குவிந்த ஓட்டு என்று எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குக் கொடுத்த விலைதான் பெரியது. 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறக்கிறார், ஜான்சன் அதிபராகிறார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை 1866இல் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதை மீறிச் சட்டமாக்க வேண்டியிருந்தது. 1868இல் பதவி நீக்க விசாரணையில் 35க்கு 19 என்று எதிராக வாக்கு விழுந்தும், நீக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் தப்பித்தார். துணை அதிபர் பதவியில் அன்றாட அதிகாரம் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் ஒரு நாள் காலையில் மொத்த அதிகாரமும் அங்கே போய்விடக்கூடும். 1841இலும் இதுதான். ஓட்டுக்காக ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்த ஜான் டைலரை, அன்று அதற்கு எதிர்க்கட்சியாக இருந்த விக் கட்சி துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டது, அதிபர் ஹாரிசன் ஒரே மாதத்தில் இறந்துபோனார், டைலர் அந்தக் கட்சியின் வங்கி மசோதாக்களை வீட்டோ செய்ய, அவர்களே அவரைக் கட்சியை விட்டு வெளியேற்றினார்கள். ஆள் வந்தார், கட்சியின் கொள்கை அவரோடு வரவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2004இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி, குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னைத் துணை அதிபருக்கு இழுக்கப் பார்த்தார், மெக்கெய்ன் மறுத்துவிட்டார். 2008இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான அதே மெக்கெய்ன், 2000இல் அல் கோருடன் ஜனநாயகக் கட்சிக்காக நின்ற ஜோ லீபர்மேனைத் தன்னோடு நிறுத்த விரும்பினார். லீபர்மேன் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர், மாநாட்டில் கலகமே வந்துவிடும் என்று ஆலோசகர்கள் தடுத்தார்கள். அவருக்குப் பதிலாகச் சொந்தக் கட்சியின் சாரா பேலின் வந்தார். லீபர்மேனையே நிறுத்தியிருக்கலாம் என்று மெக்கெய்ன் பிற்காலத்தில் வருந்தினார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடுவிலிருந்து நாலு ஓட்டு வருவதற்குள் சொந்த வீட்டிலிருந்து பத்து ஓட்டு போய்விடும் என்று ஆலோசகர்கள் பயந்ததும் நியாயம்தான்.

நிஜமாகவே கலப்பு அணி களத்தில் நின்றதும் உண்டு. 1980இல் குடியரசுக் கட்சியின் ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நின்றார். அவரோடு நின்ற பாட்ரிக் லூசி, விஸ்கான்சினின் முன்னாள் ஆளுநர், ஜனநாயகக் கட்சி. கோடையில் கருத்துக் கணிப்புகளில் 20 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டர்சனுக்கு நவம்பரில் கிடைத்தது 6.6 சதவீதம், ஒரு மாநிலம்கூட இல்லை. மூன்றாவது அணிக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடும் என்ற பயம் கடைசி வாரங்களில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. தேர்வாளர் வாக்குகள் 538இல் 270 யாருக்கும் கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபைதான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அங்கே இருப்பவர்களும் அந்த இரண்டு கட்சிக்காரர்கள்தான்.

இன்னொன்று. நடுநிலை வாக்காளர் என்றால் எல்லோரும் நட்ட நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. வரியைக் குறை, கருக்கலைப்பில் தலையிடாதே என்பவரும் நடுநிலை, தொழிற்சங்கம் வேண்டும், எல்லையை மூடு என்பவரும் நடுநிலை. இவர்கள் இருவரையும் ஒரே ஜோடியால் எப்படித் திருப்திப்படுத்த முடியும்? 2024இல் ‘நோ லேபிள்ஸ்’ என்ற நடுநிலை அமைப்பு இரு கட்சிக்காரர்களும் சேர்ந்த ஒற்றுமை அணி ஒன்றை நிறுத்தப் பார்த்து, தகுந்த வேட்பாளர் கிடைக்காமல் ஏப்ரலில் கைவிட்டது. அதே ஆண்டு கமலா ஹாரிஸ், குடியரசுக் கட்சியின் லிஸ் செய்னியோடு மேடை ஏறினார், அமைச்சரவையில் அந்தக் கட்சிக்காரர் ஒருவருக்கு இடம் உண்டு என்றும் சொன்னார். இழுபறி மாநிலங்கள் ஏழையும் இழந்தார். ஆள் வந்தார், கட்சி வரவில்லை.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நான் விரிவாகப் பேச நினைத்தது அலாஸ்காவைப் பற்றி, அதைச் சுருக்கிவிடுகிறேன். அங்கே வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம். 2022 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லிசா மர்கோவ்ஸ்கி, டிரம்ப் ஆதரித்த சொந்தக் கட்சி வேட்பாளரை வென்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு முதலில் போட்டவர்களின் இரண்டாம் விருப்பம் அவருக்கு நிறைய வந்தது. அதே நாளில் அதே மாநிலம் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலாவை அனுப்பியது. மேலே இரண்டு தலைவர்கள் கைகோக்காமலே, வாக்குச்சீட்டில் வாக்காளரே இரண்டு கட்சியையும் கலந்துகொண்டார். இந்த முறையை நீக்க 2024இல் வாக்கெடுப்பு நடந்து, மயிரிழையில் தப்பியிருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் அதிபர் தேர்தலிலேயே இது உண்டு, அதைச் சொல்ல இப்போது நேரமில்லை. வணக்கம்.