காணாமல் போன 1,400 லிட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம்பிடிக்கும் பசுமைக் கட்டடம் என்று பெயர் வாங்கிய பள்ளிகளின் வாசலில் ஒரு பலகை இருக்கும்: இத்தனை புள்ளி, இன்ன தரம் என்று. அதை நின்று படித்த பிள்ளை எவரையும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் படிப்பது சுவரை, கூரையை, ஒழுகும் குழாயை. ஒழுகல் என்றதும் ஒரு கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணக்கு ஆசிரியராக இருந்த பள்ளியில் மழைநீர்த் தொட்டி இருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதினேன்; ஒருவர் மனதிலும் ஒட்டவில்லை. ஒருநாள் மழைமானி 15 மில்லிமீட்டர் காட்டியது. எங்கள் கூரை 200 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 3,000 லிட்டர். தொட்டியின் அடிப்பரப்பு 4 சதுர மீட்டர். அப்படியானால் தண்ணீர் 75 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். கோலை விட்டு அளந்தால், ஏறியது 40. மீதி 1,400 லிட்டரைக் காணோம்!

"உங்கள் கணக்குத் தப்பு" என்றேன் பிள்ளைகளிடம். அவசரக்காரன் நான்தான். கூரை நனைவதில் கொஞ்சம் போகும், அழுக்கோடு வரும் முதல் தண்ணீரை வெளியே விடுவதில் கொஞ்சம் போகும். அதற்காகப் பாதியா போகும்? பிள்ளைகள் விடவில்லை. ஒரு சிறுமி பின்சுவரில் இருந்த பாசித் தடத்தைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்தோம். கூரை விளிம்பின் தகரக் கால்வாயில் சருகு அடைத்து, ஒரு குழாய்க்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் சுவரில் வழிந்திருக்கிறது. அந்தச் சுவரோரமாகத்தான் நான் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறேன்.

சருகை அள்ளினோம். அடுத்த மழை 12 மில்லிமீட்டர். கணக்குப்படி 60 சென்டிமீட்டர், அளந்தது 55. அந்த ஐந்துக்காக வகுப்பில் ஒரு வாரம் சண்டை.

இதனால்தான் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: பிள்ளைகள் அளக்க முடியாத கட்டடம் பாடம் நடத்தாது. குழாயைச் சுவருக்குள் புதைத்து, தொட்டியை மண்ணுக்குள் மறைத்து, ஆள் போனதும் தானே அணையும் விளக்கையும் மாட்டிவிட்டால் மின்சாரம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் விளக்கை அணைக்கும் பழக்கம் யாருக்கு வரும்?

புர்கினா ஃபாசோவில் கான்டோ என்றொரு கிராமம். அங்கே பிறந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே, ஊர் மக்களோடு சேர்ந்து களிமண் கல்லால் கட்டிய பள்ளி 2001இல் முடிந்தது. தகரக் கூரையை உட்கூரையிலிருந்து விலக்கி உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார். வகுப்பின் சூடான காற்று மேலெழுந்து, உட்கூரைத் துளைகள் வழியே அந்த இடைவெளிக்குப் போய்விடும். வெப்பக் காற்று மேலே போகும் என்பதற்கு அங்கே படம் வரைய வேண்டியதில்லை. விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பள்ளி பூட்டியதும் மின்மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் திறக்கும்போது மீண்டும் பாருங்கள். யாருமில்லாத இரவில் எண் ஏறியிருந்தால், எது தின்றது என்று தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.