கண் திறக்கும் முன்னே எடுத்த குட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஓநாய் எப்படி நாயாயிற்று? ஊர்க் குப்பைமேட்டில் எலும்பு பொறுக்க வந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள் பலர். எனக்கு அது ஒப்பவில்லை. குப்பைமேடு சேர நிலையான ஊர் வேண்டும். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் கிடைத்த நாயின் எலும்புகளோ ஏறக்குறைய 14,000 ஆண்டு பழையவை. அன்றைக்கு அங்கே உழவு இல்லை. இடம் மாறித் திரிந்த வேட்டைக்காரர்களே இருந்தார்கள்.

அவர்களிடம் மிஞ்சியது கொழுப்பில்லாத இறைச்சி. கடும் பனிக்காலத்தில் மானும் குதிரையும் மெலிந்துபோகும். அன்றாட ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்தே எடுத்தால் மனிதனின் கல்லீரல் தாங்காது. கொழுப்பையும் எலும்பு மஜ்ஜையையும் தின்றுவிட்டுச் சதையைக் கழிக்க வேண்டியிருந்தது. ஓநாய்க்கோ வெறுஞ்சதையே மாதக்கணக்கில் போதும். பின்லாந்து ஆய்வாளர் மரியா லாஹ்தினென் குழு 2021இல் வைத்த இந்த விளக்கம் கணக்குக்குச் சரியாக வருகிறது.

ஆனால் கறி போட்டால் மட்டும் ஓநாய் பழகிவிடாது. பிறந்த பத்து நாளுக்குள், கண் திறக்கும் முன்னே, குட்டியை எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் அது நடமாடத் தொடங்கும்போது கண்ணும் காதும் இன்னும் சரியாகத் தேறியிருக்காது, மோப்பம்தான் வழிகாட்டும். அந்த நாட்களில் மனித வாடை அதற்குப் பழகிவிட வேண்டும். தாமதித்து எடுத்த குட்டி எவ்வளவு ஊட்டினாலும் ஆளைக் கண்டால் ஒதுங்கும். நாய்க்குட்டிக்கு இந்தப் பருவம் நான்காம் வாரத்தில், எல்லாப் புலன்களும் திறந்தபின் வருகிறது. அதனால்தான் அதை வளர்ப்பது நமக்கு எளிது.

பத்து நாள் குட்டிக்குப் பால் எங்கிருந்து? ஆடு மாடு வளர்க்காத காலம் அது. பிள்ளை பெற்ற பெண்கள்தான் ஊட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அப்படி வளர்த்தாலும், இரண்டு வயதில் பருவமடைந்ததும் உணவுக்காகச் சீறும் ஓநாய் உண்டு. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். சாதுவானவை தங்கி, குட்டி போட்டன.

ஓபர்காசல் குட்டியின் பற்களைப் பாருங்கள். எனாமலில் உள்ள வடுக்கள், ஐந்து மாத வயதையொட்டி அது டிஸ்டெம்பர் என்னும் நாய்களைத் தாக்கும் கொடிய வைரஸ் நோயில் மீண்டும் மீண்டும் விழுந்ததைக் காட்டுகின்றன. கழுவி, சூடு கொடுத்து, தண்ணீர் புகட்டாமல் அந்த நோயைத் தாண்டியிருக்க முடியாது. வேட்டைக்கு உதவாத நோயாளிக் குட்டி அது. ஏழு மாதத்தில் இறந்தது. ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.