இரண்டரைக் கட்டையில் ‘டேக் ஃபைவ்’

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகள். ஜன்னலைச் சாத்தினால் வியர்வையில் விரல் வழுக்குகிறது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று கீபோர்டில் ‘டேக் ஃபைவ்’, ஐந்து தட்டுத் தாளத்தில் அமைந்த ஜாஸ் பாட்டு. டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1959இல் நியூயார்க்கில் பதிவு செய்தது. பியானோ புரூபெக்; மெட்டு சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்டுடையது. முந்தைய ஆண்டுதான் இந்தக் குழு இந்தியாவுக்கு வந்து சென்னையிலும் வாசித்துவிட்டுப் போயிருந்தது. அந்த ஐந்து எண்ணிக்கையை நம்மிடமிருந்துதான் கொண்டுபோனார்கள் என்று பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆனால் ஐந்தில் வாசிக்கும் மோகம் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவுக்கு இருந்தது, அவருக்காக டெஸ்மண்ட் எழுதினார் என்பதே கதை.

ஐந்து என்றதும் நமக்குக் கர்நாடக இசையின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு நினைவுக்கு வரும். வம்பே அங்கேதான். கண்ட சாபு ‘தக தகிட’, அதாவது இரண்டும் மூன்றும். இதுவோ ‘தகிட தக’, மூன்றும் இரண்டும். மிருதங்கம் வாசிக்கும் என் மாமா பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது. “என்னடா, காலை மேலே தூக்கித் தலையில் நிற்கிறானே!” என்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணாதீர்கள். வாய்விட்டுத் ‘தகிட தக’ சொல்லுங்கள். மூன்றின் தலையிலும் இரண்டின் தலையிலும் அழுத்தம் தானாக விழும்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், கட்டைகள் தெரிகிறதா? பாட்டின் சுருதி ஈ ஃப்ளாட் மைனர், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. இடக்கையில் ‘தகிட’ தொடங்கும்போது சட்ஜம், ‘தக’ தொடங்கும்போது பஞ்சமம். இடைவெளிகளில் வலக்கை கார்ட் வைக்கிறது, அதாவது சில சுரங்களை ஒன்றாக அமுக்குகிறது. முதல் கார்ட் ஈ ஃப்ளாட் மைனர், அதன் மூன்று சுரங்களும் கருப்புக் கட்டைகள். இரண்டாவது பி ஃப்ளாட் மைனர் செவன். அதில் எஃப் மட்டும் வெள்ளை. அந்த ஒற்றை வெள்ளைக்காகக் கையை வெளியே இழுக்க வேண்டாம். விரலை உள்ளே தள்ளி, கருப்புக் கட்டையை ஒட்டிய குறுகிய இடத்திலேயே அமுக்குங்கள். இப்படி.

சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கி வெள்ளைக் கட்டைகளுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். கருப்புக் கட்டை மேடாக இருப்பதால் தடவியே கண்டுபிடிக்கலாம், கண் நோட்டிலேயே இருக்கலாம்.

மெட்டின் சுரங்களைப் பார்த்தால் நடபைரவி ராகம் போலத் தெரியும். ஆனால் மேலே ஏறும்போது சுத்த மத்திமம் (‘ம’வின் கீழ் வகை), உடனே பிரதி மத்திமம் (அதன் மேல் வகை), பிறகு பஞ்சமம். இறங்கும்போதும் அந்த இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து வருகின்றன. பாட்டு வகுப்பில் இப்படிப் பாடினால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். இங்கே ப்ளூஸ் எனும் அமெரிக்கக் கருப்பின மக்களின் இசை வாசனை முழுக்க அந்தப் பிரதி மத்திமத்தில்தான் இருக்கிறது. அதில் நிற்காதீர்கள், தொட்டுவிட்டு ஓடுங்கள். இன்னொன்று: ஒரு தட்டின் இரண்டு பாதிகளும் சமம் இல்லை. முதல் பாதி நீளும், இரண்டாவது அடுத்த தட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். சமமாக வாசித்தால் எல்லாச் சுரமும் சரியாக இருந்தும் பள்ளிக்கூட அணிவகுப்பு போலவே கேட்கும்.

நடுப்பகுதி வேறு ஆளின் பாட்டு மாதிரி இருக்கும். டெஸ்மண்ட் கொண்டுவந்தது இரண்டு தனி மெட்டுகள். அவற்றை இணைத்தால் ஒரு முழுப் பாட்டு ஆகும் என்றவர் புரூபெக். அங்கே இந்த இரண்டு கார்ட் சுழற்சி விலகி, கார்ட்கள் நகரத் தொடங்கும். பிறகு பழைய இடத்துக்கே திரும்பும்.

உண்மையான சோதனை மெட்டு அல்ல. மூலப் பதிவில் மொரெல்லோவின் தனி ஆவர்த்தனம் வருமே, அங்கே கேளுங்கள். அவர் தாளத்தை உடைத்து, நிறுத்தி, தள்ளி அடிக்கிறார். புரூபெக்கின் கை அதே இரண்டு கார்டில் அசையாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்தப் பிடிவாதம்தான் இந்தப் பாட்டிலேயே பெரிய வித்தை. பயிற்சிக்கும் அதையே சொல்வேன்: பதிவை ஓடவிட்டு, டிரம்ஸ் பகுதி முழுவதும் கார்ட்களை மட்டும் வாசியுங்கள்.

மூலப் பதிவின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 தட்டு. அதற்கு முன் தட்டுகளை எண்ணித் தரும் மெட்ரோனோமை 90இல் வைத்துத் தொடங்குங்கள். வலக்கை முந்த ஆரம்பித்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 61 கட்டை கீபோர்டு போதும். சுரங்களைக் கீழே விளக்கப் பகுதியில் எழுதியிருக்கிறேன். நடுப்பகுதியின் கார்ட்களுக்குத் தனிக் காணொளி வரும். இப்போது முதல் பகுதியை 90இல் வாசிக்கிறேன், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்: தகிட தக, தகிட தக…