கோவையில் வாங்கிய கிரெடிட் பாலக்காட்டில் செல்லுமா?

வணக்கம் மக்களே. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். வீடு ரோட்டோரம் என்பதால் வண்டிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கை மெசேஜ் போட்டிருந்தாள். கோவையில் பி.காம். முதல் வருடம் முடியப்போகிறது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் பாலக்காட்டில் டயாலிசிஸ். கூடப்போக வேறு ஆள் இல்லை. “அக்கா, பாலக்காட்டுக் கல்லூரிக்கு மாறிக்கொண்டால் இந்த ஒரு வருடம் படித்ததெல்லாம் வீணாகிவிடுமா?” என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

வீணாகாது. ஆனால் தேறிய பேப்பருக்குக் கணக்கில் ஏறுகிற கிரெடிட் முழுசாகவும் வந்து சேராது. எவ்வளவு வரும் என்பது நீ அங்கே எவ்வளவு மார்க் வாங்கினாய் என்பதைவிட, இங்கே இருப்பவர்கள் எதை ஒத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி நமக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வரவேண்டும். அந்தக் கணக்கு எங்கே எடுக்கிறார்கள்? ஆழியாறு அணையின் ஷட்டரில் இல்லை. எல்லைப் பக்கம் இருக்கும் மணக்கடவில் அளக்கிறார்கள். மேலே எவ்வளவு திறந்துவிட்டாலும் மணக்கடவு தாண்டி வந்தது எவ்வளவோ அதுதான் நம் கணக்கு. கிரெடிட்டும் அப்படியேதான். கொடுக்கிற பல்கலைக்கழகம் சொல்லும் எண் ஒன்று, வாங்குகிற பல்கலைக்கழகம் அளந்து எழுதும் எண் இன்னொன்று. உன் டிகிரியில் ஏறப்போவது இரண்டாவது எண்தான்.

என் கதையைச் சொல்கிறேன். 2015இல் நானும் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். இரண்டு செமஸ்டர் முடிந்த நேரத்தில் அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். டிசி வாங்கினேன், மார்க்‌ஷீட் வாங்கினேன், மைக்ரேஷன் சர்ட்டிபிகேட்டுக்குப் பணம் கட்டினேன். எல்லாம் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு இந்தப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சிலபஸ் எங்கே?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவேயில்லை. சிலபஸ் எதற்கு? அதுதான் மார்க் போட்டிருக்கிறதே என்றேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். மார்க்‌ஷீட்டில் பேப்பரின் பெயரும் மார்க்கும்தான் இருக்கும், உள்ளே என்ன படித்தாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பேப்பருக்கும் யூனிட் வாரியாகச் சிலபஸ் வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் பழைய கல்லூரியின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்றார். அதற்காக மூன்று தடவை பஸ் ஏறினேன். முதல் தடவை துறைத்தலைவர் லீவு. இரண்டாம் தடவை பழைய ரெகுலேஷன், அதாவது எனக்கு முந்தைய பாடத்திட்ட விதியின் சிலபஸைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை சரியானது கிடைத்தது, ஆனால் இங்கே சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்திருந்தது. ஒரு வருடம் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

இதோ, அடுத்த வருடம் எனக்கு வந்த ஒப்பீட்டுத் தாள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இடது பக்கம் நான் அங்கே படித்த பேப்பர்கள், வலது பக்கம் அதற்கு ஈடாக இங்கே இருக்கிற பேப்பர்கள். நடுவில் பச்சை மையில் டிக். தமிழுக்கு டிக், இங்கிலீஷுக்கு டிக், அக்கவுண்டன்சிக்கு டிக். இந்தக் கடைசி வரியைப் பாருங்கள், பிசினஸ் மேத்ஸ். அங்கே 3 கிரெடிட், இங்கே 4. அதோடு இங்கே ஐந்தாவது யூனிட்டாக இருக்கிற பாடம் அங்கே கிடையவே கிடையாது. அதனால் டிக் இல்லை, “எழுத வேண்டும்” என்று ஒரு குறிப்பு. அந்தப் பேப்பரில் நான் 81 வாங்கியிருந்தேன். 81 வாங்கிய பேப்பரை மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. இப்போது யோசித்தால் அந்தத் தாளில் இருந்த கணக்கு தப்பில்லை என்று தெரிகிறது. ஆனால் கிளம்பும்போதே ஒருத்தராவது சிலபஸை வாங்கிக்கொண்டு போம்மா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் யாரும் சொல்லாததால் வீணாய்ப் போன வருடம் அது. அதனால்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, கிரெடிட் என்றால் என்ன என்று அடிப்படையில் பார்த்துவிடலாம். ஒரு செமஸ்டர் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் 1 கிரெடிட். சுமார் 15 மணி நேரம். லேப் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு 1 கிரெடிட். அப்படிச் சேர்த்துச் சேர்த்து டிகிரிக்கு இத்தனை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மொத்தம் வைத்திருக்கிறார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருட டிகிரிக்கு 140. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்கு வருடத் திட்டத்தில், மூன்று வருடத்தோடு வெளியே வந்தால் 133, நான்கு வருட ஆனர்ஸ் என்றால் 177. 140 பெரியது, 133 சின்னது, அதனால் அங்கே அதிகம் படிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பங்கு பிரிக்கும் விதமே வேறு. இங்கே மேஜர், மைனர், பொதுப் பேப்பர் என்று போகிறது. அங்கே பார்ட் ஒன்று, பார்ட் இரண்டு, கோர் என்ற முக்கியப் பாடம், அலைடு என்ற துணைப் பாடம் என்று போகிறது. அலைடு பேப்பரை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்பதில்தான் பாதிப் பேருக்குச் சிக்கல் வருகிறது.

இன்னொன்று, அரியர். இங்கே சப்ளி என்பார்கள். தேறாத பேப்பருக்குக் கிரெடிட் கிடையாது, அதை மாற்றிக்கொண்டு வரவும் முடியாது. மாறுவதாக இருந்தால் அரியரை முடித்துவிட்டு மாறு தங்கம். எந்தச் செமஸ்டரில் மாறலாம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் மூன்றாவது செமஸ்டர் தொடக்கம்தான் வசதியான நேரம். கடைசி வருடத்தில் மாறுவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் டிகிரி கொடுக்கிற இடத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

அந்தப் பாதிக் கணக்கு எங்கே வருகிறது என்றால், ஏபிசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021 ஜூலையில் இதற்கு விதிமுறை கொண்டுவந்தது. வங்கி மாதிரிதான். நீங்கள் தேறிய கிரெடிட் உங்கள் கணக்கில் ஏறும். வேறு கல்லூரிக்குப் போனால் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு டிகிரிக்குப் பயன்படுத்திய கிரெடிட்டை இன்னொரு டிகிரிக்கு மறுபடியும் எடுக்க முடியாது. அதிகபட்சம் ஏழு வருடம் வரை செல்லும். குறைந்தது 50 சதவீதம் கிரெடிட் டிகிரி தரும் நிறுவனத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் கணக்கு இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதலாவது, மார்க்‌ஷீட்டை நீங்களே அதில் ஏற்ற முடியாது. கல்லூரியோ பல்கலைக்கழகமோதான் ஏற்ற வேண்டும். அதனால் உங்கள் ஏபிசி கணக்கு தெரியும் அரசின் டிஜிலாக்கரைத் திறந்து, போன செமஸ்டர் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று கையோடு பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கே படிக்கும்போதே கேட்டுவிடுங்கள். டிசி வாங்கிய பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே புதிய இடம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. எந்தப் பேப்பருக்கு எது ஈடு என்று பார்ப்பது அப்போதும் அவர்கள் வேலைதான். மணக்கடவு அப்படியே இருக்கிறது.

மூன்றாவது நம் எல்லைப்புறத்துக்கே உரிய தலைவலி, பெயர். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், கோவைக் கல்லூரியில் சேரும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரையே எழுதியிருப்பார்கள். ஒரே பெண் மூன்று பெயரில் இருப்பாள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் கணக்கில் ஒட்டாது. பக்கத்தில் இருக்கும் அரசு சேவை மையமான அக்‌ஷயா சென்டரில் போய் முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். என் சின்னம்மா மகளுக்கு இதற்கே இரண்டு மாதம் ஓடியது.

இப்போது தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்குவது பற்றி. கமெண்டில் ஒருவர், அமெரிக்காவில் பள்ளியிலேயே தேர்வு எழுதி காலேஜ் கிரெடிட் வாங்குகிறார்களாமே என்று கேட்டிருந்தார். உண்மைதான். ஏபி என்று ஒரு தேர்வு, வருடா வருடம் மே மாதம் நடக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினாலே சில பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரும், சில 4 அல்லது 5 கேட்கும், சில எதுவும் தராது. கிளெப் என்று இன்னொன்று இருக்கிறது, வேலைக்குப் போய்விட்டுப் படிக்க வருகிறவர்களுக்கும் அது உதவும். அங்கேயும் முடிவு சொல்வது சேருகிற இடம்தான், பாருங்கள்.

நமக்கு அதற்குப் பக்கத்தில் வருவது ஸ்வயம், மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம். யுஜிசியின் 2021 ஸ்வயம் விதிமுறைப்படி ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். அதில் ஐஐடிக்காரர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். படிப்பது இலவசம். தேர்வுக்கு 1000 ரூபாய். 12 வாரப் பாடமென்றால் வாராவாரம் அசைன்மென்ட், அதில் சிறந்த எட்டை எடுத்து 25 மார்க், சென்டரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒன்றில் குறைந்தால் இன்னொன்று காப்பாற்றாது.

இங்கே இரண்டு இடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள். பாடத்தில் சேர்ந்ததும் தேர்வுக்கும் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். இல்லை, தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி. அடுத்தது இதைவிட வருத்தமானது. மீனாட்சிபுரத்தில் ஒரு தம்பி 12 வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்து, கோவையில் போய்த் தேர்வெழுதி நல்ல மார்க்கோடு வந்தான். சர்ட்டிபிகேட்டைத் துறையில் நீட்டினால், அந்தச் செமஸ்டருக்கு அவர்கள் ஒப்புதல் கொடுத்த பட்டியலில் அந்தப் பாடம் இல்லை. ரெஸ்யூமில் போட்டுக்கொள்ளலாம், கிரெடிட் இல்லை. விதி என்ன சொல்கிறதென்றால், ஸ்வயத்தில் வாங்கிய கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் மறுக்கக் கூடாது. ஆனால் எந்தப் பாடங்களை எடுக்கலாம் என்று செமஸ்டருக்கு முன்னால் ஒப்புதல் கொடுப்பது அவர்கள் கையில். அதனால் சேருவதற்கு முன்னாலேயே துறைத்தலைவரிடம் பாடத்தின் பெயரையும் வாரக் கணக்கையும் எழுதி, “இது எந்தப் பேப்பருக்கு ஈடு, எத்தனை கிரெடிட்” என்று கேட்டு, பதிலைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது. அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

பாலிடெக்னிக் முடித்தவர்கள் கேட்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நீங்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் போகிறீர்களே, அதுவும் இந்த வகைதான். டிப்ளமோவை மொத்தமாக ஒரு வருடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறார்கள். பேப்பர் பேப்பராக ஒப்பிடும் வேலை அதில் குறைவு, அதனால் எளிது.

மறுபடியும் வேலந்தாவளத்துத் தங்கைக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு எழுதும் எண்ணம் இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை. இருந்தால், புதிய டிகிரியின் பெயர் அங்கே கேட்கிற டிகிரிக்குச் சமமாக ஏற்கப்படுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள். நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம் படித்து அந்தப் பக்கம் வேலை தேடுவது வழக்கம்தானே. டிகிரி வாங்கிய பிறகு அதற்கு அலைவது கொடுமை.

திங்கட்கிழமை உனக்கு இந்தச் செமஸ்டரின் கடைசி வகுப்பு இருக்கும். முதலில் துறைக்குப் போ. நீ சேர்ந்த வருடத்தின் ரெகுலேஷன் என்ன என்று கேள், அந்த ரெகுலேஷனின் சிலபஸ் முதல் இரண்டு செமஸ்டருக்கும் பிரிண்ட் எடு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கு. யூனிட்டுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்பது பக்கத்தில் தெரிகிறதா என்று பார். இரண்டு செட் எடுத்துக்கொள், ஒன்று எப்படியும் ஆபீசில் தங்கிவிடும். டிசிக்கு இப்போது எழுதிக்கொடுக்காதே. அந்தக் கட்டோடு முதலில் பாலக்காட்டுக் கல்லூரியில் போய், என்னென்ன ஏற்பீர்கள் என்று கேட்டுவிட்டு வா. அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கிற நாளில் அங்கேதானே இருக்கிறாய், அந்த நேரத்தில் போய்வரலாம். அவர்கள் கொடுக்கிற ஒப்பீட்டுத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.